இரண்டு மார்க்கும் ஒரு பிடி சென்னாங்குனியும்

2008-ல் ஒரு பத்தாம் வகுப்பு மாதத் தேர்வுக்கு நானே தயாரித்த வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி இருந்தது: ‘அண்டார்டிக் கடலில் திமிங்கலங்கள் முற்றிலும் அழிந்துவிட்டால் கிரில்களின் எண்ணிக்கை என்ன ஆகும்? ஏன்?’ இரண்டு மார்க். கிரில் என்றால் இறால் மாதிரி ஒரு பொடிக் கடல் உயிர், திமிங்கலத்தின் தீனி. விடை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதிகரிக்கும், ஏனென்றால் தின்ன ஆள் இல்லை. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்தொரு பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் ‘குறையும்’ என்று எழுதி, ‘ஏன்?’ என்பதற்கு, ‘ஏனென்றால் எல்லாமே குறைந்துகொண்டுதான் வருகிறது’ என்று ஒரு வரி போட்டிருந்தான்.

சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு சைபர். அதோடு விட்டிருக்கலாம். ஆசிரியர் அறையில் டீ குடிக்கும்போது அந்த வரியைச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். தமிழ் ஐயா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணக்கு டீச்சர், ‘பையன் அவங்க வீட்டு மளிகைச் சாமானைப் பார்த்து எழுதியிருப்பான்’ என்றார். பேப்பர் கொடுக்கும்போது, ‘ஏண்டா இப்படி எழுதின?’ என்று கேட்டேன். ‘சும்மா எழுதினேன் டீச்சர்’ என்றான். அவனைப் பெரிய ஞானியாக்கிக் காட்டும் உத்தேசம் எனக்கில்லை. அதே தாளில் அமீபாவுக்கு எலும்பு உண்டு என்றும் எழுதியிருந்தவன் அவன்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்தச் சைபர் என்னைப் பல வருஷமாகப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. அவன் சொன்ன காரணம் ஒன்றுக்கும் உதவாது. ஆனால் விடை? அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

என் பக்கத் தப்பு ‘திமிங்கலம்’ என்ற சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் ‘திமி’ என்றால் ஒரு பெரிய மீன். திமியை விழுங்குவது திமிங்கிலம். சரி, அதை விழுங்க ஒன்று வேண்டாமா என்று திமிங்கிலகிலம் என்று ஒன்றையும் கற்பனை செய்து வைத்திருக்கிறார்கள். பேரே ஒரு உணவுச் சங்கிலி. நான் கரும்பலகையில் வரைந்ததும் அதைத்தான்: தாவர மிதவை உயிரி, அம்புக்குறி, கிரில், அம்புக்குறி, நீலத்திமிங்கலம். அம்பு எல்லாம் வாயை நோக்கியே போகும். வாய்க்கு அப்புறம், அந்த முப்பது மீட்டர் உடம்புக்குள்ளே போய், வால்பக்கம் என்ன வருகிறது என்று ஒரு அம்பு போட எனக்குத் தோன்றியதே இல்லை. போட்டிருந்தால் வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கும். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கணக்கு உதைத்த இடம்

பள்ளிக்கூட வேலையை விட்டபிறகு, 2021 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு ஆய்வைப் பற்றி வாசித்தேன். மேத்யூ சவோகா என்பவரும் அவருடைய சகாக்களும் செய்தது. ஏழு வகைத் திமிங்கலங்களில் 321 உயிர்களின் முதுகில் உறிஞ்சு கிண்ணம் வைத்த கருவிகளை ஒட்டி, ஒவ்வொன்றும் ஒரு நாளில் எத்தனை முறை வாயைத் திறக்கிறது, அங்கே இரை எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். அதுவரை எல்லாரும் சொல்லிவந்ததைப் போல மூன்று மடங்கு வந்தது. வட பசிபிக்கில் ஒரு நீலத்திமிங்கலம், இரை பிடிக்கும் பருவத்தில், ஒரே நாளில் 16 டன் கிரில் தின்கிறது. ஒரு டாரஸ் லாரி லோடு. இந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால், வேட்டை தொடங்குவதற்கு முன்பு, அண்டார்டிக்காவைச் சுற்றியுள்ள தென்கடலில் இருந்த திமிங்கலங்கள் வருஷத்துக்கு 43 கோடி டன் கிரில் தின்றிருக்க வேண்டும். இன்று அந்தக் கடலில் இருப்பதாக மதிப்பிடப்படும் மொத்தக் கிரிலே அதில் பாதிதான்.

நான் இந்த வரியில் நின்றுவிட்டேன். தின்றவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் தட்டில் இருந்தது எங்கே?

போனது சாதாரணமாகப் போகவில்லை. 1904-ல் கார்ல் ஆன்டன் லார்சன் என்ற நார்வேக்காரர் தெற்கு ஜார்ஜியா தீவில் கிரிட்விக்கன் என்ற இடத்தில் வேட்டை நிலையம் போட்டார். 1925-ல் ‘லான்சிங்’ என்ற கப்பல் வந்தது. அதன் பின்பக்கம் சரிவாக வெட்டி, திமிங்கலத்தைக் கடலிலிருந்து நேராகத் தளத்துக்கு இழுத்து அறுக்க வசதி செய்திருந்தார்கள். அதற்குப் பிறகு கரைக்கு வரவேண்டிய தேவையே இல்லை. 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்டிக்கில் 29,000-க்கும் மேற்பட்ட நீலத்திமிங்கலங்களைக் கொன்றார்கள். எதற்காக என்று கேட்டால் மனசு ஆறாது: பெரும்பாலும் சோப்புக்கும் மார்ஜரினுக்கும். இருபதாம் நூற்றாண்டில் தென்பாதி உலகில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் திமிங்கலங்கள் போயின. அண்டார்டிக் நீலத்திமிங்கலம் சுமார் 2,39,000 இருந்தது, 1970-களின் தொடக்கத்தில் 360 என்ற அளவுக்கு வந்து நின்றது. முழுசாக அழியவில்லைதான். ஆனால் என் கேள்வித்தாளில் இருந்த ‘முற்றிலும் அழிந்துவிட்டால்’ என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு பரிசோதனையை யாரும் செய்துவிட முடியாது.

அந்தக் காலத்து அதிகாரிகள் திமிங்கலங்களை எப்படி எண்ணினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘நீலத்திமிங்கல அலகு’ என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு நீலத்திமிங்கலம் என்றால் இரண்டு துடுப்புத் திமிங்கலம், அல்லது இரண்டரை கூன்முதுகுத் திமிங்கலம், அல்லது ‘சேய்’ என்ற வகையில் ஆறு திமிங்கலம். எண்ணெய் எவ்வளவு தேறும் என்பதை வைத்துப் போட்ட வாய்ப்பாடு. இரண்டரைத் திமிங்கலம்! கணக்கு டீச்சரிடம் சொன்னால் ரசிப்பார்.

தின்கிறவர்கள் போனபிறகு மிச்சம் இருக்கும் என்று நம்பியது நான் மட்டுமில்லை. 1977-ல் ரிச்சர்ட் லாஸ் என்ற விஞ்ஞானி, திமிங்கலங்கள் தின்னாமல் விட்ட கிரில் வருஷத்துக்கு 15 கோடி டன் அளவுக்கு உபரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். அன்று உலகம் முழுக்கக் கடலில் பிடித்த மீனைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சோவியத் கப்பல்களும் ஜப்பான் கப்பல்களும் வலையோடு தெற்கே போயின. 1982-ல் கிரில் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் உபரி மலை எங்கேயும் தட்டுப்படவில்லை. 2004-ல் ஆங்கஸ் அட்கின்சனும் அவருடைய கூட்டாளிகளும் பழைய வலைவீச்சுப் பதிவுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, கிரில் அதிகம் வாழும் தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் 1970-களிலிருந்து அதன் அடர்த்தி இறங்கிக்கொண்டே வந்திருந்தது. குறைந்திருந்தது! எனக்கு உடனே அந்தப் பையனின் கோணல்மாணல் கையெழுத்துதான் கண்ணில் வந்தது.

இதற்கு விளக்கம் சொல்ல வந்தவர்களில் விக்டர் ஸ்மெட்டாசெக் முக்கியமானவர். இந்தியாவில் வளர்ந்த ஜெர்மன் கடலியலாளர். அவர் பிடித்த நூல் இரும்பு. தென்கடலில் நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அங்கே நிலமும் தூசியும் குறைவு என்பதால் இரும்பு மட்டும் துளித்துளியாகத்தான் கிடைக்கிறது. இரும்பு இல்லாமல் பச்சையம் உண்டாகாது, மிதவைத் தாவரம் பெருகாது. கிடைத்த கொஞ்ச இரும்பும் செத்த உயிர்களோடு கீழே மூழ்கிப் போய்விடும். அதை மேலேயே சுற்றவிட யாராவது வேண்டும். திமிங்கலம் கிரிலைத் தின்று கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. கொழுப்புக்கு இரும்பு வேண்டாம். ஆக, தின்ற இரும்பில் பெரும்பங்கு வெளியே வந்துவிடுகிறது. ஆழத்துக்கு முங்கும்போது அவசியமில்லாத உறுப்புகளுக்கு ரத்தம் போவதைத் திமிங்கலம் குறைத்துக்கொள்ளும். அதனால் கழிப்பது எல்லாம் பெரும்பாலும் மேலே வந்தபிறகுதான். அதுவும் நீர்த்துப்போய், மிதக்கிற மாதிரி. 2010-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீபன் நிக்கோலும் சகாக்களும் அந்தக் கழிவைச் சோதித்தார்கள். சுற்றியுள்ள அண்டார்டிக் கடல்நீரைப் போல ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு இரும்பு அதில் இருந்தது.

வாசித்தேன், புரிந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஒரு மாடு தின்றதைவிட அதிகமாகச் சாணி போட முடியாதே, வெறுமனே சுற்றிச் சுற்றி வருவது எப்படி ஒரு கடலையே பெருக்கும் என்று உள்ளே ஒரு குரல் மறுத்துக்கொண்டே இருந்தது. பதினெட்டு வருஷம் அந்த அம்புக்குறியை வரைந்த கை இது.

மிரிஸ்ஸாவில் ஒரு காலை

2023 பிப்ரவரியில் இலங்கைக்குப் போயிருந்தோம். தெற்குக் கரையில் மாத்தறைக்குப் பக்கத்தில் மிரிஸ்ஸா. அங்கே கண்டத்திட்டு ரொம்பக் குறுகல். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடும். அதனால்தான் நீலத்திமிங்கலத்தைக் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடிகிறது. காலை ஆறரைக்குப் படகு கிளம்பியது. இஞ்சி பிஸ்கட் கொடுத்தார்கள். என் கணவர் இரண்டு பாக்கெட் தின்றுவிட்டுத் தூங்கிப்போனார். தூரத்தில், தெய்வேந்திரமுனைக்கு அப்பால், கப்பல்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கப்பல் பாதையும் திமிங்கலங்கள் மேயும் இடமும் ஒன்றுதான். அடிபட்டுச் செத்துக் கரை ஒதுங்குவது அங்கே நடப்பதுதான்.

ஒன்பது மணி வாக்கில் ‘பதினொரு மணி! பதினொரு மணி!’ என்று ஆங்கிலத்தில் கத்தினார்கள். நேரத்தைச் சொல்லவில்லை, திசையைச் சொல்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லாரும் இடப்பக்கம் ஓடினார்கள். படகு சாய்ந்தது. நான் அப்போது பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பங்குக்கு ஏதோ கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே நான் முதலில் பார்த்தது திமிங்கலத்தை இல்லை. பெரிய பிரஷர் குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் முதுகு. சாம்பலும் நீலமும் கலந்த முதுகு, போய்க்கொண்டே இருக்கிறது, முடியவே இல்லை. கடைசியில் சின்னதாக ஒரு துடுப்பு, பிறகு வால் மேலே எழுந்து, தண்ணீரை ஒழுகவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. வால் போன இடத்தில் தண்ணீர் எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி வழவழவென்று வட்டமாகக் கிடந்தது. எல்லாரும் கைபேசியில் அந்த வாலைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தார்கள்.

படகில் வேலை பார்த்த சிங்களப் பையன் ஒருவன் எனக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தான். கொடுத்தவன் என் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்து, விரல் நீட்டி, ‘அக்கா, கக்கா!’ என்றான். குழந்தைப் பேச்சில் அவர்களுக்கும் அதே சொல்தான் போலிருக்கிறது. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பினேன். படகுக்குப் பின்னால், ஒரு சின்ன வீட்டின் முற்றம் அளவுக்கு, கடல் செங்கல் நிறத்தில் இருந்தது. முதல் மழைக்கு மறுநாள் செம்மண் குட்டையில் தண்ணீர் நிற்குமே, அந்த நிறம். சுற்றிலும் கடும் நீலம், நடுவில் இது. கட்டி கட்டியாக எதுவும் இல்லை. ரவையைத் தண்ணீரில் கரைத்துவிட்ட மாதிரி, நுண்ணிய துகள்கள் மேலாக்கில் மிதந்தன. அடியில் சில இழைகள் புகை மாதிரிச் சுருண்டு தொங்கின. நாற்றம் வந்தது. கருவாட்டுக் கிடங்கை மத்தியான வெயிலில் கடக்கும்போது வருகிற நாற்றம், அதோடு எதையோ புளிக்கவிட்ட வாடையும். ஏற்கெனவே வயிறு காலி என்பதால் பிழைத்தேன். ஒரு அலை வந்து அதை இழுத்தது. ஓரம் நைந்து பிரிந்தது. இன்னொரு அலை. செங்கல் நிறம் ஆரஞ்சாகி, ஆரஞ்சு மங்கி, அதன் விளிம்பு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் ஆயிற்று. ஏழெட்டு நிமிஷம் இருக்கும். நான் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் எல்லாரும் அடுத்த வாலுக்காகக் காத்திருந்தார்கள்.

இதே கடலில் 2003-ல் ஆஷா டி வோஸ் என்ற இலங்கை ஆய்வாளர், அப்போது இளம்பெண், ‘ஒடிசி’ என்ற ஆய்வுக் கப்பலிலிருந்து ஆறு நீலத்திமிங்கலங்களையும் இதேபோல ஒரு சிவப்புத் திட்டையும் பார்த்தார். நீலத்திமிங்கலம் குளிர்ந்த கடலில் தின்னும், வெப்பக்கடலுக்குக் குட்டி போட மட்டும் வரும் என்பதுதான் அதுவரை புத்தகப் பாடம். தின்னாத இடத்தில் எப்படிக் கழியும்? அந்தத் திட்டை வைத்துக்கொண்டுதான் அவர் பாடத்தைச் சந்தேகித்தார். அவருடைய பிற்கால வேலையெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான். இந்த நீலத்திமிங்கலங்கள் அண்டார்டிக் பக்கம் போவதில்லை, வருஷம் முழுக்க இந்து மாக்கடலின் வடபகுதியிலேயே இருக்கின்றன.

தாத்தா கொடுத்த காசு

அன்று மத்தியானம் விடுதி அறையில், இன்னும் தரை ஆடுகிற மாதிரி இருக்க, கண்ணை மூடிப் படுத்திருந்தபோது எனக்கு மன்னார்குடிப் பக்கத்தில் தாத்தா வயல் ஞாபகம் வந்தது. தை அறுவடை முடிந்து வயல் வெறும் தாளாகக் கிடக்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். நூற்றுக்கணக்கில் ஆடு, இரண்டு நாய், குட்டிகளைக் கவிழ்த்து மூட மூங்கில் குடாப்பு. பகலெல்லாம் ஊர்க்காட்டில் மேய்த்துவிட்டு, ராத்திரி தாத்தா வயலில் வலை கட்டிக் கிடை போடுவார்கள். மறுநாள் வலையைப் பிடுங்கி அடுத்த பாத்தியில். கிடை கிளம்புகிற அன்று தாத்தா கீதாரியை உட்காரவைத்து, எத்தனை ராத்திரி என்று எண்ணி, காசு கொடுப்பார். கூடவே இரண்டு மரக்கால் நெல்.

எனக்கு ஏழெட்டு வயது. ‘அவங்க ஆடு நம்ம வயல்ல இருக்குற தாளைத் தின்னுது. அவங்கதானே தாத்தா நமக்குக் காசு கொடுக்கணும்?’ என்று கேட்டேன். தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘நான் வாய்க்கா காசு கொடுக்குறேன்?’ என்றார். அவ்வளவுதான். ‘ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்’ என்ற பழமொழியை அப்பாயி அடுப்படியிலிருந்து சொன்னது. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்தப் போகத்துக்கே பலன் தரும், மாட்டுச் சாணி மக்கி அடுத்த வருஷம்தான் பேசும் என்று அர்த்தம்.

ஊர்க்காடு முழுக்கச் சிதறிக் கிடந்த சத்து, ஒரு இடத்தில், வேர் எட்டுகிற ஆழத்தில், வேண்டிய நேரத்தில் வந்து விழுகிறது. ஆடு எதையும் புதிதாக உண்டாக்கவில்லை. எடுத்து வந்து வைக்கிறது. அதற்குத்தான் தாத்தா காசு கொடுத்தார். கடலிலும் இடம்தான் பிரச்சினை. வெளிச்சம் மேலே இருக்கிறது, சத்து கீழே போய்விடுகிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் மெய்ன் வளைகுடாவில் ஜோ ரோமனும் ஜேம்ஸ் மெக்கார்த்தியும் 2010-ல் கணக்கெடுத்தபோது, அங்கே திமிங்கலங்களும் கடல்நாய்களும் சேர்ந்து வருஷத்துக்கு 23,000 டன் நைட்ரஜனை மேற்பரப்பில் சேர்ப்பதாக வந்தது. அந்த வளைகுடாவில் கலக்கும் எல்லா ஆறுகளும் சேர்ந்து கொண்டுவருவதைவிட அதிகம். மெய்னிலும் நம் வெப்பக்கடலிலும் பேச்சு நைட்ரஜனைப் பற்றி, தென்கடலில் இரும்பைப் பற்றி. மற்றபடி வேலை ஒன்றே. மிரிஸ்ஸாவில் நான் பார்த்தது ஒரு ராத்திரிக் கிடை. ஏழெட்டு நிமிஷத்தில் வலையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

நம்மூர்ச் செய்தித்தாளில் மாதத்துக்கு ஒருமுறையாவது ‘பல கோடி மதிப்புள்ள திமிங்கல எச்சம் பறிமுதல்’ என்று வரும். எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர், வாசனைத் திரவியத்துக்கு. வைத்திருந்தாலே ஜெயில். இப்போது அந்தச் செய்தியைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கோடி பெறுமானமுள்ள எச்சத்தைப் பிடிக்க ஆளே இல்லாமல் அது பாட்டுக்குக் கடலில் கரைந்துகொண்டிருக்கிறது.

சரி, இதோடு வழக்கு முடிந்தது, பையனுக்கு இரண்டு மார்க் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் எதிர்த்தரப்பு சும்மா இல்லை. தென்கடலுக்கு இரும்பு ஆழத்துக் கலக்கத்தாலும் உருகும் பனியாலும்கூட வருகிறது, திமிங்கலம் சுழற்றுவது அதில் ஒரு பங்குதான் என்கிறார்கள். கிரில் குறைந்ததற்குக் கடற்பனி சுருங்கியதே பெரிய காரணம் என்கிறவர்களும் உண்டு. கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனிப்பாளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்றுதான் உயிர் பிழைக்கின்றன. பழைய பதிவுகளை வேறு மாதிரி அலசி, கிரில் குறையவே இல்லை என்று வாதிட்டவர்களும் இருக்கிறார்கள். இதெல்லாம் நியாயமான மறுப்புகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்று தரப்பில் எதுவும் என்னுடைய விடையைச் சொல்லவில்லை. கிரில் பெருகி வழிந்தது என்று இவர்களில் யாரும் சொல்லவில்லை.

மனிதனே கிடை போட்டுப் பார்த்த கதையும் ஒன்று உண்டு. 2009 தொடக்கத்தில் ‘போலார்ஸ்டெர்ன்’ என்ற ஜெர்மன் கப்பலில், அதே ஸ்மெட்டாசெக்கும் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் வாஜி நக்வியும் தலைமையேற்று, தென்கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் டன் கணக்கில் இரும்பு சல்பேட்டைக் கரைத்துவிட்டார்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே சரக்கு. பரிசோதனைக்கு லோஹாஃபெக்ஸ் என்று பெயர். இந்தியில் ‘லோஹா’ என்றால் இரும்பு. கடல் பச்சை பிடித்தது. ஆனால் அந்த இடத்தில் சிலிக்கா தீர்ந்துபோயிருந்ததால் சிலிக்கா ஓடு கட்டும் டயாட்டம்கள் பெருகவில்லை. சின்னச்சின்னப் பாசிகள்தான் வளர்ந்தன, அவற்றைக் கோபிபாட் என்ற பொடி உயிர்கள் மேய்ந்து தீர்த்தன. பாசி உறிஞ்சும் கரி கடலடிக்கு இறங்குமா என்பதுதான் அவர்கள் பார்க்க வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. கீதாரிக்குத் தெரியும், எந்த வயலில் எப்போது கிடை போடுவது என்று. மூட்டையைப் பிரித்துக் கொட்டுவது வேறு தொழில்.

ஊருக்குத் திரும்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை, முருங்கைக்கீரைக்குப் போட சென்னாங்குனி புடைத்துக்கொண்டிருந்தேன். மணலும் தூசியும் முறத்தின் நுனிக்குப் போக, ஒரு பிடி இளஞ்சிவப்பு மிச்சம். ஒவ்வொன்றும் நகம் வெட்டிய துண்டு அளவு. உற்றுப் பார்த்தால் காய்ந்த முகத்தில் இரண்டு கரும்புள்ளி, கண். வெறும் வாணலியில் போட்டு வறுத்தேன். படபடவென்று பொரிந்து மணம் கிளம்பியதும் கையை நிறுத்திவிட்டேன். மிரிஸ்ஸா நாற்றத்தின் அடியில் இருந்த மணம் இது.

தற்செயல் இல்லை. 2018-ல் ஆஷா டி வோஸும் சகாக்களும் இலங்கை நீலத்திமிங்கலங்களின் கழிவை மரபணுச் சோதனை செய்து, அவை முக்கியமாகத் தின்பது கிரில் இல்லை, செர்ஜெஸ்டிட் குடும்பத்து இறால் என்று கண்டுபிடித்தார்கள். நம் சென்னாங்குனியில் பெரும்பகுதி அசீட்டஸ் என்ற பேரினம். அதுவும் அதே செர்ஜெஸ்டிட் குடும்பம். திமிங்கலம் ஆழத்தில் பிடிப்பது அந்தக் குடும்பத்து வேறு கிளையாக இருக்கலாம். ஆனாலும் பங்காளிதான். உலகத்திலேயே பெரிய பிராணியும் நானும் ஒரே குடும்பத்து இறாலைத் தின்கிறோம். அது தின்றுவிட்டு அந்த இடத்திலேயே ஒரு செந்திட்டை விட்டுப் போகிறது. நான் தின்றால் அது எங்கள் தெருவின் பாதாளச் சாக்கடையில் போகிறது, மேற்கொண்டு யோசிக்க வேண்டாம் என்று கீரையைப் போட்டுக் கிளறினேன்.

போன மாதம் அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவள் இப்போது பத்தாம் வகுப்பு. யாரோ தொகுத்த வினா வங்கி. 14-வது கேள்வி: ‘கடல் உணவுச் சங்கிலியிலிருந்து திமிங்கலங்களை நீக்கினால் கிரில்களின் எண்ணிக்கை எவ்வாறு மாறும்?’ கீழே விடை, தடித்த எழுத்தில்: அதிகரிக்கும். ‘அத்தை, இதுக்கு ரீசன் மட்டும் சொல்லுங்க, நாளைக்கு டெஸ்ட்’ என்று ஒரு வரி.

நான் குரல்பதிவில் பேச ஆரம்பித்தேன். கிரிட்விக்கனில் தொடங்கி இரும்புக்கு வந்து, தாத்தா வயலுக்குப் போய், ‘அக்கா, கக்கா’வையும் சொல்லி, கடற்பனிக்காரர்களின் மறுப்பையும் விடாமல் சொல்லி, பரீட்சையில் மட்டும் ‘அதிகரிக்கும்’ என்றே எழுதிவிடு, வம்பு வேண்டாம் என்று முடித்தேன். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது எனக்கே கேட்டது. மூன்று பதிவு, மொத்தம் பதினொரு நிமிஷம். மூன்றிலும் நீல டிக் விழுந்தது. ரொம்ப நேரம் பதில் இல்லை. தூங்கப் போகும்போது வந்தது:

‘அத்தை, இது ரெண்டு மார்க் கேள்வி.’